யாருக்கும் வேண்டாத பால் டின்

ரஷ்யாவில் அணு உலை வெடித்த வருஷம் நான் தாராவியில் வாயும் வயிறுமாக இருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. செய்தி வந்தபோது இரண்டு மாசம். வெடித்தது எந்த ஊர், இங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கொஞ்ச நாளிலேயே, அதைக் கொண்டுபோய் வெடிக்க வைத்ததே என் வீட்டுக்காரர்தான் என்கிற மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

அவர் பெயின்டர். செம்பூரைத் தாண்டி இருந்த அணு நிலையத்தின் ஊழியர் குடியிருப்புக்கு வெள்ளையடிக்கிற வேலையை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தார். என் வீட்டுக்காரரும் பக்கத்துச் சந்துப் பையன் ஒருவனும் ஜோடியாக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். அணு இருக்கிற கட்டடத்தை அவர்கள் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. படிக்கட்டுச் சுவருக்கு டிஸ்டம்பர், ஜன்னல் கம்பிக்குப் பச்சைப் பெயின்ட், அவ்வளவுதான். விபத்துக்கு முன்னால் எங்கள் சந்துக்கு அது பெரிய பெருமை. "எங்க சந்துல ஒருத்தரு அணு ஆபீஸ்ல இருக்காரு" என்று சொல்லிக்கொள்வார்கள். எதிர்வீட்டக்கா தன் தம்பிக்கு அங்கே ஒரு வேலைக்குச் சொல்லச் சொல்லி எங்களுக்கு மீன் குழம்பெல்லாம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

அதே எதிர்வீட்டக்காதான் ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னாள்.

"ஏளா, கோவிச்சிக்கிடாத. ஒங்க வீட்டு ஆளு சட்டைய எங்க கொடி பக்கம் காயப்போடாத. பிள்ளைய இருக்கிற வீடு."

"அவிய சொவருக்குச் சுண்ணாம்பு அடிக்காவக்கா. அதுல அணு எங்கேருந்து வந்துது?"

"அது கண்ணுக்குத் தெரியாதாம்லா" என்றாள்.

கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, தொட்டால் தெரியாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அது என் வீட்டில் இல்லை என்று நான் எதைக் காட்டி நிரூபிப்பது? அன்று சாயங்காலம் குழாயில் என் குடத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னார்கள். மறுநாள், கடைசியில் வைத்தாலும் குழாய் வாயில் குடம் படாமல் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்கள். பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

அவர்கள் பயந்தது சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒன்றரை வருஷம் முன்புதான் போபாலில் விஷவாயு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தூங்கினபடியே போனார்கள். அந்த ஜனங்களும் எங்களைப் போலத் தகர வீட்டில் இருந்தவர்கள். அவர்களுக்கும் முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதைப் பார்த்தவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? என் கோபம் பயத்தின் மேல் இல்லை. பயந்த ஜனங்களை எதிரில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் மேலும், வாயைத் திறந்து காசு பார்த்தவர்கள் மேலும்தான்.

ஜூனில் மழை வந்தது. எந்த வருஷமும் முதல் மழைக்குச் சந்துப் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓடும். அந்த வருஷம் அடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். மழையில் விஷம் இறங்குகிறது, மேலே பட்டால் முடி கொட்டும் என்று பேச்சு. கூரை ஒழுகாத வீடு எங்கள் சந்தில் எது? ஒழுகின தண்ணீரில் படுத்துக்கொண்டு, வெளியே மழையில் நனையக் கூடாது என்றார்கள்.

சந்து முனையில் ஒரு டாக்டர் இருந்தார். போர்டில் அப்படித்தான் போட்டிருந்தது. முன்னால் குர்லாவில் ஏதோ மருந்துக்கடையில் கம்பவுண்டராக இருந்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவர் ஒரு பழுப்பு மருந்தைச் சின்னக் குப்பியில் ஊற்றி, தண்ணீரில் சொட்டு விட்டுக் குடித்தால் உடம்பில் ஏறின அணு இறங்கிவிடும் என்று விற்க ஆரம்பித்தார். புண்ணுக்குத் தடவுகிற டிஞ்சர் மாதிரியே நாற்றம். மொத்தச் சந்தும் வாங்கிக் குடித்தது. ஒரு கிழவருக்குத் தொண்டை வெந்து, ஒரு வாரம் கஞ்சிகூட இறங்கவில்லை. அது அணு வெளியேறுகிற அறிகுறி என்றார் டாக்டர். கிழவரும் நம்பினார்.

வாந்திக்கு மருந்து கேட்டு நான் அவரிடம் போனேன். என் வீட்டுக்காரர் எங்கே வேலைக்குப் போகிறார் என்று அவராகவே கேட்டார்.

"எத்தனை மாசம்?"

"நாலு நடக்குது."

"சொல்றேன்னு வருத்தப்படாதம்மா. புருஷன் உடம்புல ஏறினது உனக்கும் ஏறியிருக்கும். கை கால் இல்லாமப் பொறக்கும். தலை பெருசாப் பொறக்கும். ரஷ்யாவுல அப்படித்தான் பொறந்துக்கிட்டிருக்கு. அஞ்சு முடியறதுக்குள்ள சுத்தம் பண்ணிடு. நானே பண்ணி விடறேன்."

முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. காய்கறிக்காரர் அழுகல் தக்காளியைத் தள்ளிவைக்கிற மாதிரி சொன்னார்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர், "நான் அந்த அணு ஆபீஸ் கேட்டத் தாண்டி உள்ளயே போனதில்ல புள்ள" என்றார். அதையே மூன்று நாலு தரம் சொன்னார். மறுநாளிலிருந்து வேலை விட்டு வரும்போது எங்கேயோ ரயில்வே குழாயில் குளித்து, சட்டையைத் துவைத்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்தார். தன் மேல் ஒன்றும் இல்லை என்று தெரிந்த மனுஷனையே அப்படிக் கழுவ வைத்துவிட்டார்கள்.

குர்லாவிலிருந்து என் ராத்தா வந்தாள். என் கூடப் பிறந்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள். அவளும் அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள்.

"பிள்ள இன்னொண்ணு பெத்துக்கிடலாம்ளா. ஊனமாப் பொறந்தா காலம் பூரா யாரு பாப்பா?"

"ஊனமாப் பொறக்கும்னு யாரு கண்டா?"

"அல்லாரும் சொல்லுதாவளே!"

எல்லாரும் சொன்னார்கள். அதுதான் அப்போது ஆதாரம்.

அந்த நாளில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் மாட்டுங்கா. அங்கே ஒரு பெரிய கட்டடத்தில் இருந்த பாலக்காட்டுக் குடும்பங்களுக்கு நான் புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுப்பேன். வாரம் ஒரு நாள் போய்ப் புடவைகளை வாங்கி வந்து, தைத்துத் திருப்பிக் கொடுப்பது. முதல் மாடி மாமியின் வீட்டுக்காரர் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவர். இரண்டு சின்னப் பிள்ளைகள். மாமி என்னை வீட்டுக்குள் கூப்பிட மாட்டாள். ஆனாலும் வாசலில் ஒரு ஸ்டூல் போடுவாள். எங்கள் சந்தில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காராத நேரத்தில் அந்த ஸ்டூல் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு தரம் புடவையோடு இரண்டு டின் பால் பொடியையும் கொண்டுவந்து வைத்தாள். ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த அவள் தம்பி கொண்டுவந்தது. பளபளவென்று, மேலே பசு படம் போட்ட டின்.

"கர்ப்பிணிப் பொண்ணு, நன்னா பால் குடிக்கணும். ஃபாரின் சரக்காக்கும். ரெண்டையும் எடுத்துண்டு போ."

"உங்க பிள்ளைகளுக்கு மாமி?"

"அதுகளுக்கு இது பிடிக்கலே. நீ எடுத்துக்கோ."

இரண்டு டின்னையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாதரிலிருந்து வருகிற கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பஸ்ஸிலேயே அழுதேன். இத்தனை பேர் தள்ளிவைக்கிறபோது ஒரு மனுஷியாவது நினைத்தாளே என்று. காலையிலும் சாயங்காலமும் கலக்கிக் குடித்தேன். முதல் டின் தீர்ந்தது.

அடுத்த வாரங்களில் ஒரு நாள் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி மாமியிடம் புடவை வாங்கப் போனேன். அவள் யாரோ சொந்தக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றதைப் பார்த்தாள், ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. நான் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்கிற அலட்சியம்.

"ஐரோப்பாலேர்ந்து வர்ற பால் பொடியில எல்லாம் கதிர்வீச்சு இருக்குங்கறா. நாங்க இருந்ததைக் குப்பையில கொட்டிட்டோம். கீழாத்து மாமி சமர்த்து, கொட்டலே. ஃபால் தைக்க வரவளுக்குக் குடுத்துட்டாளாம்."

அன்று புடவை வாங்காமலே இறங்கி வந்துவிட்டேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து தாராவி வரைக்கும் நடந்தேன். மழையில் நனைந்தேன். நனைந்தால் என்ன, உள்ளேயே ஊற்றிக்கொண்டாயிற்று. டாக்டர் சொன்னதை அதுவரைக்கும் நான் பாதிதான் நம்பியிருந்தேன். அன்றைக்கு முழுசும் நம்பினேன். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு முன்னால் இன்னொருத்தி போனாள். என் வீட்டுக்காரரோடு ஜோடியாகப் பெயின்ட் அடித்த பையனின் மனைவி. எங்கள் ஜில்லாதான், அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயிற்றில் மூன்று மாசம். மாமியாரும் சந்துப் பெண்களும் சேர்ந்து அவளைப் புதன்கிழமையே அந்த டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமியார் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அதுவரை என் வாசலை மிதிக்காதவள். "ரத்தம் நிக்கலம்மா, பயமா இருக்கு, வாயேன்" என்றாள். போய்ப் பார்த்தால் அந்தப் பெண் வெளிறிப்போய்க் கிடக்கிறாள். பாய் முழுக்க ரத்தம். டாக்டரைக் கூப்பிடப் போனால் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். டாக்ஸி பிடித்து முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில்தான் தலை. வழியெல்லாம், "யக்கா, ஒங்களுக்கும் நாளைக்கித்தானக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அங்கே இருந்த லேடி டாக்டர் மராத்திக்காரி. உள்ளே வெகுநேரம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். உயிரைக் காப்பாற்றியாயிற்று, இனி பிள்ளை தங்குமா என்று சொல்ல முடியாது என்றாள். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்து, "கிஸ்னே போலா? கோன் டாக்டர்?" என்று கத்தினாள். யார் உங்களுக்குச் சொன்னது, எந்த டாக்டர் என்று. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்தான் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு அடிக்கிற வேலை, சட்டை, மழை, ரஷ்யா, நான் குடித்த பால், நாளைக்கு எனக்கு இருக்கிற வெள்ளிக்கிழமை.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என்னைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு குழாயை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். அந்த விபத்து ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் நடந்தது, செம்பூரில் சுவருக்கு வெள்ளையடிக்கிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், உன் பிள்ளைக்குக் கை கால் எல்லாம் எப்போதோ முளைத்தாயிற்று என்று சொல்லிச் சொல்லித் திட்டினாள். நான் அப்போதும், "பால்?" என்றேன். அந்த டின்னை நாளைக்குக் கொண்டு வா என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் மிச்சமிருந்த இரண்டாவது டின்னோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் அச்சடித்திருந்ததைப் படித்தாள். சிரித்தாள், ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. அந்தப் பால் பொடி போன வருஷமே அடைத்தது. உலை வெடிப்பதற்கு எத்தனையோ மாசம் முன்னால். அதில் பாலைத் தவிர ஒன்றுமே இல்லை.

அன்றைக்கே அங்கிருந்து நேராக மாட்டுங்காவுக்குப் போனேன். எனக்குள் எரிந்துகொண்டிருந்தது. பால் நல்ல பால் என்று தெரிந்த பிறகுதான் கோபம் இன்னும் கூடியது. ஏனென்றால் அவளுக்கு அது தெரியாது. விஷம் என்று நினைத்துத்தானே எனக்குக் கொடுத்தாள்.

மாமி கதவைத் திறந்தாள். "வா, ஃபால் ஆச்சா?" என்றாள். நான் டின்னை வாசற்படியில் வைத்தேன்.

"இதுல ஒரு டம்ளர் கலக்கிக் குடிங்க மாமி. நான் பாத்துட்டுப் போறேன்."

"என்ன பேசறே நீ?"

"ஒங்க பிள்ளைகளுக்குக் குடுக்கப் பயந்துதான் எனக்குக் குடுத்தியளாமே."

மாமியின் முகம் மாறியது. சத்தம் கேட்டு அவள் வீட்டுக்காரர் கையில் பேப்பரோடு வந்தார். விஷயம் புரிந்ததும் வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"பயப்பட ஒண்ணுமே இல்லேம்மா. அப்படி இருந்தாலும் அளவு ரொம்ப ரொம்பக் கம்மி. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

"பண்ணாதுன்னா நீங்க ஏன் சார் குடிக்கல?"

அவர் மாமியைப் பார்த்தார். மாமிதான் சொன்னாள். அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கு அது அவ்வளவு நியாயமாகப் பட்டது.

"எங்காத்துல குழந்தைகள் இருக்கே."

"அப்ப என் வயித்துல இருக்கது என்னது மாமி?"

என் குரல் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். மேலே கதவுகள் திறக்கிற சத்தம் வந்தது. எனக்கு வெட்கமாக இல்லை. மாமி, மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினாள்.

"டின்னத் திருப்பிப் பாருங்க சார்" என்றேன்.

அவர் குனிந்து எடுத்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அடடே, இது போன வருஷத்துச் சரக்காக்கும்! விபத்துக்கு முன்னாலேயே பேக் பண்ணினது. ஒண்ணுமே கிடையாது" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். கெமிஸ்ட்ரி படித்தவர். டின் அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. ஒரு தரம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

அதைவிட மாமி செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அப்படியா? நல்ல பால்தானா?" என்று சொல்லிக்கொண்டே டின்னை வாங்கக் கையை நீட்டினாள். அவளுக்கே தெரியாமல் நீண்ட கை.

நான் அவர் கையிலிருந்து டின்னைப் பிடுங்கிக்கொண்டேன். "எனக்குக் குடுத்தாச்சுல்லா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்தக் கட்டடத்தில் அதற்குப் பிறகு ஒரு புடவைக்கும் ஃபால் தைக்கவில்லை. டின்னை ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் உடம்பில்தான் ரத்தமே இல்லாமல் இருந்தது.

சந்து முனை டாக்டர் நாலு நாள் கழித்துக் கடையைத் திறந்தார். நானும் வீட்டுக்காரரும் போய்க் கேட்டோம். அவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்.

"நானா இதெல்லாம் கிளப்பினேன்? பேப்பர்ல வந்துது, ஊரே பேசுது. அவங்களாத்தான் வந்தாங்க. நான் கையப் புடிச்சி இழுத்தேனா?"

போலீசுக்குப் போவோம் என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெண்ணின் புருஷன் வேண்டாம் என்றான். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்றான். சந்துக்காரர்களும் டாக்டர் பக்கம்தான் பேசினார்கள். பழுப்பு மருந்தை எல்லாரும் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருந்தார்கள். ஏமாந்தோம் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? "எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே, அவரு மருந்துனாலதான்" என்றாள் எதிர்வீட்டக்கா.

என் வீட்டுக்காரர் செம்பூர் வேலையை விட்டுவிட்டார். அம்பர்நாத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் டாங்கிக்குப் பெயின்ட் அடிக்கப் போனார். அங்கே உள்ளே இறங்கி அடிக்க வேண்டும். திரும்பி வரும்போது சட்டையிலிருந்து மூக்கைத் துளைக்கிற ஒரு நாற்றம் வரும். அந்த வேலையில்தான் அவருக்கு இருமல் பிடித்தது, கடைசி வரைக்கும் விடவில்லை. அந்தச் சட்டை மற்றவர்கள் துணியோடு ஒரே கொடியில்தான் காய்ந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டிசம்பரில் எனக்குப் பெண் பிறந்தாள். அதே ஆஸ்பத்திரிதான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சந்தே திரண்டு வந்தது. எதிர்வீட்டக்கா முதலில் வந்தாள். மாஷா அல்லாஹ் என்று சொல்வதற்கு முன்னால், அல்லது நல்லா இருக்கியா என்று கேட்பதற்கு முன்னால், துணியை விலக்கிப் பிள்ளையின் கை விரலை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டுக் கால் பக்கம் போனாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"என்னளா இது, ஆசையாப் பாக்க வந்தா?"

"எண்ணிப் பாக்கத்தான வந்திய. எண்ணியாச்சுல்லா, போங்க."

ராத்தா என்னை அதட்டினாள். வீடு தேடி வந்தவர்களை அப்படிப் பேசலாமா என்றாள். பேசலாம். இன்றைக்கு வந்தாலும் அதையேதான் பேசுவேன்.

எல்லாரும் போன பிறகு அந்தப் பெண் வந்தாள். ஜோடியாகப் பெயின்ட் அடித்த பையனின் மனைவி. வாசலிலேயே நின்றாள், தான் உள்ளே வரலாமா, பிள்ளையைத் தொடலாமா என்று சந்தேகம் அவளுக்கு. பிள்ளை போனவள் பச்சைப் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்ப் பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் தலையை முகர்ந்தாள். பிறகு, "எனக்கும் ஒண்ணும் ஆயிருக்காதுல்லக்கா? நல்லாத்தான பொறந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமா. நல்லாத்தான் பொறந்திருக்கும்" என்றேன்.

மறு வருஷம் கோடையில் அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ராசியில்லாதவள் என்று சொன்னார்களாம், அங்கே.